மிதித்தால் ஓடும், உழுதால் மூச்சு வாங்கும்: ஹைட்ரோஸ்டேட்டிக் டிராக்டர் ஓர் அறிமுகம்

அமெரிக்கச் சிறு பண்ணைகளின் காணொலிகளைப் பார்க்கும் நம் விவசாயிகளுக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. அங்கே டிராக்டரில் உட்கார்ந்திருப்பவர் கிளட்சை மிதிப்பதில்லை, கியர் மாற்றுவதில்லை. வலது காலடியில் பெடல் இருக்கிறது. ஒரு பக்கம் அழுத்தினால் வண்டி முன்னே போகிறது, மறுபக்கம் அழுத்தினால் பின்னே வருகிறது, காலை எடுத்தால் நிற்கிறது. டிராக்டரையே தொட்டிராத ஒருவர்கூட அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். இவ்வளவு வசதியான வண்டி இருக்கும்போது, நம் ஊர்க் கடைகளில் எட்டு முன் கியர், இரண்டு பின் கியர் என்று பழைய பாணி வண்டியையே ஏன் இன்னும் விற்கிறார்கள்?

விலை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், நம் டிராக்டருக்கு நாம் வைத்திருக்கும் வேலை. சட்டிக் கலப்பை போட்டுப் புழுதி உழவு, கேஜ் வீல் மாட்டிச் சேறடிப்பு, ஆலைக்குக் கரும்பு லோடு. இவை மூன்றும் மணிக்கணக்கில் விடாமல் இழுக்கிற வேலைகள். பெடல் வண்டி, அதாவது ஹைட்ரோஸ்டேட்டிக் டிரான்ஸ்மிஷன் கொண்ட டிராக்டர், தடுமாறுவது சரியாக அந்த இடத்தில்தான். அமெரிக்க விவசாயிகள் இதைச் சுருக்கமாக ‘ஹைட்ரோ’ என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

‘ஹைட்ரோவுக்கு இழுவை கிடையாது’ என்று ஒரே போடாகப் போடுபவர்கள் உண்டு. அது சரியில்லை. ஒரு தடவை, ஒரு நிமிடம் இழுக்கச் சொன்னால் ஹைட்ரோ நன்றாகவே இழுக்கும். காலையிலிருந்து மாலை வரை இழுக்கச் சொன்னால்தான் சிக்கல். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வண்டியின் வயிற்றைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

நடுவே எண்ணெய்

கியர் வண்டியில் எஞ்சினிலிருந்து சக்கரம் வரை இரும்பு இரும்பைத் தள்ளுகிறது. பல்லோடு பல் கோத்து, ஒன்று சுற்றினால் மற்றது சுற்றியே ஆக வேண்டும். ஹைட்ரோ வண்டியில் இந்தத் தொடர் நடுவே அறுபட்டு, அந்த இடைவெளியில் எண்ணெய் நிற்கிறது. எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. அந்த எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டாரிலிருந்து பின் அச்சுக்குப் போக மறுபடி சில கியர்கள். வேலை முடித்த எண்ணெய் திரும்பப் பம்புக்கே வந்துவிடுகிறது.

பம்புக்குள் பார்த்தால் ஒரு கனமான இரும்பு உருளை. அதில் வட்டமாக ஏழு அல்லது ஒன்பது துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன். பிஸ்டன்களின் அடிப்பாகம் வெண்கலக் காலணி போட்டுக்கொண்டு ஒரு தட்டின் மேல் வழுக்கிக்கொண்டே சுற்றுகிறது. இந்தத் தட்டைச் சாய்க்க முடியும் என்பதில்தான் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது. தட்டு நேராக நின்றால் உருளை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பிஸ்டன்கள் உள்ளே வெளியே போவதில்லை, எண்ணெய் நகராது, வண்டி நிற்கும். தட்டைச் சற்றே சாய்த்தால் பிஸ்டன்கள் கொஞ்சம் அசையும், கொஞ்சம் எண்ணெய் போகும், வண்டி ஊர்ந்து நகரும். நன்றாகச் சாய்த்தால் வேகம் எடுக்கும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் எண்ணெய் தலைகீழாகப் பாயும், வண்டி பின்னால் போகும். உங்கள் காலடியில் இருக்கும் பெடல் செய்யும் ஒரே வேலை இந்தத் தட்டைச் சாய்ப்பதுதான்.

பிஸ்டனுக்கும் துளைக்கும் இடையே சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி இருக்கிறது. அதன் வழியே எண்ணெய் எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். இது தயாரிப்புக் குறை இல்லை. அந்தக் கசிவுதான் உராயும் பாகங்களுக்கு மசகு. அதை முழுக்க அடைத்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். கசிந்து போனதை ஈடுகட்ட சார்ஜ் பம்பு என்று ஒரு சின்னப் பம்பு தனியாக ஓடுகிறது. கசிவு, எண்ணெய் குழாய்களில் பாயும்போது ஏற்படும் உராய்வு, சார்ஜ் பம்பு தின்னும் சக்தி, இவை எல்லாம் எஞ்சின் கொடுத்ததிலிருந்து கழிகிற வரி. சரிவில் நிறுத்திவிட்டுப் பார்க்கிங் பிரேக் போடாமல் இறங்கினால் ஹைட்ரோ வண்டி மெல்ல மெல்ல நகர்வதற்கும் இந்தக் கசிவுதான் காரணம். கியரில் போட்டு நிறுத்திப் பழகியவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

எங்கே இது ராஜா

குறை சொல்வதற்கு முன் பெருமையைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். முன்னால் லோடர் வாளி மாட்டி எருக்குவியலை அள்ளுகிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடி முன்னே, பத்தடி பின்னே, திரும்பு, கொட்டு, மறுபடி. கியர் வண்டியில் இது கிளட்ச் தகடுக்கும் இடது முழங்காலுக்கும் தண்டனை. ஹைட்ரோவில் ஒற்றைக் கால் வேலை. மரங்களுக்கு நடுவே புல் வெட்டுவது, வேலியோரம் வளைந்து போவது, பனிப்பொழிவு உள்ள நாடுகளில் வாசல் பாதையைச் சுத்தம் செய்வது எல்லாவற்றிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 20 முதல் 40 குதிரைத்திறன் வரையிலான சிறு டிராக்டர்களில் பெரும்பாலானவை ஹைட்ரோவாக இருப்பதற்குக் காரணம், அங்கே அந்த அளவு வண்டி செய்யும் வேலை இதுவே என்பதுதான். அங்கே உழவுக்கு இருப்பது வேறு பெரிய வண்டி. இந்திய நிறுவனமான மஹிந்திராவும் அமெரிக்கச் சந்தைக்கு ஹைட்ரோ மாடல்களை விற்கிறது. அதே நிறுவனம் இங்கே விற்பதில் கியர் வண்டிதான் பிரதானம்.

நமக்கும் ஹைட்ரோஸ்டேட்டிக் முற்றிலும் அந்நியம் இல்லை. டெல்டா மாவட்டங்களில் சம்பா அறுவடைக்கு வரும் ‘பெல்ட் டைப்’ அறுவடை இயந்திரங்கள் பலவற்றில் ஓட்டுநர் ஒரே நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளி வண்டியை நகர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். குபோட்டா டிசி-68ஜி போன்ற இயந்திரங்களில் இருப்பது இந்த எண்ணெய் இயக்கமேதான். அங்கே அது கனகச்சிதமாகப் பொருந்துகிறது. கதிர் அடர்ந்த இடத்தில் மெதுவாக, பயிர் சாய்ந்து கிடந்தால் இன்னும் மெதுவாக, சோடையான இடத்தில் வேகமாக என்று அடிக்கு அடி வேகம் மாற வேண்டும். அதற்காகக் கதிரடிக்கும் உருளையின் சுற்று வேகம் குறையக் கூடாது. எஞ்சின் சக்தியில் பெரும்பங்கு கதிரடிக்கவும் தூற்றவும் நேரடியாகப் போகிறது. நகர்வதற்கு ஒரு பகுதிதான் எண்ணெய் வழியாகப் போகிறது. அந்தச் சிறு பகுதியில் கொஞ்சம் வீணானால் யாருக்கும் வலிக்காது.

உழவில் நிலைமை தலைகீழ். அங்கே எஞ்சின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போயாக வேண்டும். முழுவதும் எண்ணெய் வழியாகத்தான் போக வேண்டும்.

வரி எவ்வளவு?

நல்ல நிலையில் உள்ள பம்பு, தனக்குக் கிடைத்த சக்தியில் சுமார் 90 சதவீதத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும். மோட்டாரும் அப்படியே. இரண்டையும் பெருக்கினால் 80 சதவீதத்தை ஒட்டி வரும், அதுவும் நல்ல வேகத்தில், நடுத்தர அழுத்தத்தில். மெதுவாக நகரும்போது, அல்லது அழுத்தம் உச்சத்தில் நிற்கும்போது, இதைவிடக் குறையும். ஒரு ஜோடி கியர் பல்லில் இழப்பு 1 முதல் 2 சதவீதம்தான். எஞ்சினிலிருந்து சக்கரம் வரை எல்லாக் கியர்களையும் சேர்த்தால்கூட கியர் வண்டி 90 சதவீதம் கொண்டு சேர்த்துவிடும். ஹைட்ரோவில் எண்ணெய்க்குப் பிறகு இருக்கும் கியர்களின் இழப்பையும் சேர்த்தால் 73, 74 சதவீதம் என்று வரும்.

இதை வயலில் இறக்கிப் பார்ப்போம். 37 குதிரைத்திறன் எஞ்சின், அதாவது சுமார் 27 கிலோவாட். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், 9 கிலோநியூட்டன் (ஏறக்குறைய 900 கிலோ எடைக்குச் சமம்) இழுவிசை கேட்கும் கலப்பை. களிமண் நிலத்தில் இரண்டு கொழு உள்ள வளைபலகைக் கலப்பையை 20 சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கினால் ஏறக்குறைய இவ்வளவு கேட்கும். கலப்பையிடம் போய்ச் சேர வேண்டிய சக்தி 12.5 கிலோவாட். மண்ணில் டயர் வழுக்குவதிலும் மண்ணை அமுக்குவதிலும் 30 சதவீதம் போகும் என்று கொண்டால், அச்சுக்கு வேண்டியது கிட்டத்தட்ட 18 கிலோவாட். கியர் வண்டியின் எஞ்சின் இதற்கு 20 கிலோவாட் கொடுத்தால் போதும். 7 கிலோவாட் கையிருப்பு. ஹைட்ரோ வண்டியின் எஞ்சினோ 24 கிலோவாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். கையிருப்பு 3 கிலோவாட்டுக்கும் குறைவு. கொஞ்சம் இறுகிய மண், ஒரு வேர், ஒரு சின்ன மேடு வந்தால் கியர் வண்டி சற்றே உறுமிவிட்டுக் கடந்து போகும். ஹைட்ரோ வண்டியின் எஞ்சின் மூச்சு வாங்கும்.

டீசல் கணக்கும் உண்டு. இந்த 4.5 கிலோவாட் வித்தியாசத்துக்கு மட்டும் மணிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர் கூடுதலாக எரியும். எட்டு மணி நேர உழவில் 11 லிட்டர். வாடகைக்கு டிராக்டர் ஓட்டுபவர் இந்த ஒரு வரியோடு மேற்கொண்டு படிக்காமல் எழுந்து போனாலும் தப்பில்லை.

கூரை

இதுவரை சொன்ன இழப்பு எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பலர் கவனிக்காதது இன்னொன்று: அழுத்தத்துக்கு ஒரு கூரை இருக்கிறது.

எண்ணெயின் அழுத்தம் எல்லை மீறினால் குழாய், சீல், பிஸ்டன் ஏதாவது வெடிக்கும். அதைத் தடுக்க ஒரு ரிலீஃப் வால்வு வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் அது திறந்து, எண்ணெயை மோட்டாருக்குள் விடாமல் குறுக்கு வழியில் திருப்பிவிடும். மோட்டாரின் முறுக்குவிசை, அதாவது அது தண்டைத் திருகும் பலம், அழுத்தத்தைப் பொறுத்தது. ஆகவே அழுத்தத்துக்குக் கூரை என்றால் இழுவைக்கும் கூரை.

இதன் விளைவு என்ன என்று பார்க்க எளிமையான எண்களை வைத்துக்கொள்வோம். கசிவை இப்போதைக்கு மறந்துவிடலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 2,600 சுற்றில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. பம்பு, முழுப் பெடலில் ஒரு சுற்றுக்கு 30 கன சென்டிமீட்டர் எண்ணெய் தள்ளுகிறது. மோட்டாரும் 30 கன சென்டிமீட்டர். வால்வு 300 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) திறக்கும்.

முழுப் பெடல் அழுத்தி, எஞ்சின் தன் முழுச் சக்தியையும் கொடுத்தால் எண்ணெய் அழுத்தம் 209 பார் வரும். மோட்டார் 100 நியூட்டன் மீட்டர் தரும். கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம், எல்லாம் சரி.

இப்போது பெடலைப் பாதியாகக் குறைக்கிறோம். பம்பு சுற்றுக்கு 15 கன சென்டிமீட்டர் மட்டும் தள்ளுகிறது, வேகம் பாதி. கியர் வண்டியில் வேகத்தைப் பாதியாக்கும் கியருக்கு மாறினால் இழுவை இரண்டு மடங்காகும். இங்கேயும் எஞ்சின் அதே முறுக்குவிசையைக் கொடுத்தால் அழுத்தம் 419 பாருக்கு ஏற வேண்டும். ஏற முடியாது, 300-இல் வால்வு திறந்துவிடுகிறது. ஆகவே மோட்டாருக்குக் கிடைப்பது 200 அல்ல, 143 நியூட்டன் மீட்டர்தான். வேகத்தைப் பாதி கொடுத்து வாங்கிய இழுவை இரண்டு மடங்கு ஆகாமல் 1.4 மடங்கில் நின்றுவிட்டது. சக்தியாகப் பார்த்தால், 27 கிலோவாட் எஞ்சினிலிருந்து எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்கு அனுப்ப முடிவது 19.5 கிலோவாட்தான். கால் பெடலில் அதுவும் பாதியாகிவிடும்.

அதாவது மெதுவாகப் போகப் போக, இருக்கும் எஞ்சினையே முழுதாகப் பயன்படுத்த முடியாமல் போகிறது. கனமான உழவு மெதுவாகச் செய்கிற வேலை. இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஹைட்ரோ வண்டிகளில் பெடலோடு கூடவே லோ, ஹை என்றோ, லோ, மீடியம், ஹை என்றோ இரும்புக் கியர் நிலைகளும் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். ஹை நிலையில் அரைப் பெடலில் போவதைவிட லோ நிலையில் முழுப் பெடலில் போவது எப்போதும் மேல். வேகம் ஒன்றாகவே இருக்கலாம். உள்ளே அழுத்தம் பாதியாக இருக்கும்.

புதிதாக ஓட்டுபவர்கள் செய்கிற தவறும் இங்கேதான் பிடிபடும். கார் ஓட்டிப் பழகிய கால், வண்டி திணறினால் பெடலை இன்னும் அழுத்தும். ஹைட்ரோவில் பெடலை அழுத்துவது காரில் மேல் கியருக்கு மாறுவதற்குச் சமம். பம்பு ஒரு சுற்றுக்கு அதிக எண்ணெயைத் தள்ள முயலும், எஞ்சின் மேல் சுமை கூடும், சுற்று விழும், கடைசியில் எஞ்சின் அணைந்தே போகும். திணறும்போது காலைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் வேகம் குறைந்து, கூரை வரைக்கும் இழுவை கூடும். எருக்குவியலுக்குள் வாளியைக் குத்தும்போது அனுபவசாலிகளின் கால் அழுந்துவதில்லை, சற்றே மேலே எழும்புகிறது. இதைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். எழும்பிய காலிலும் சக்கரம் நகராமல், எஞ்சின் சுற்றும் விழாமல், கீச்சென்று ஓர் அலறல் மட்டும் கேட்டால் வால்வு திறந்துவிட்டது என்று பொருள். அந்த ஒலி கேட்டதும் காலை எடுத்துவிட வேண்டும்.

இந்தப் பாடத்தை ஓட்டுநரிடம் விடாமல் வண்டியே செய்துகொள்ளும் ஏற்பாடுகளும் வந்திருக்கின்றன. ஜான் டியரின் சில மாடல்களில் ‘லோட்மேட்ச்’ என்ற ஏற்பாடு எஞ்சின் திணறுவதை உணர்ந்து தட்டின் சாய்வைத் தானே குறைக்கும். குபோட்டாவின் கிராண்ட் எல் வரிசையில் ‘ஸ்டால் கார்டு’ இதே வேலையைச் செய்கிறது. அதோடு மோட்டாரின் கொள்ளளவையும் இரண்டு நிலைகளில் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. நல்ல ஏற்பாடுகள். எஞ்சின் அணையாமல் காக்கும். 80 சதவீதத்தை 95 ஆக்கிவிடாது.

சூடு

வீணாகும் சக்தி காற்றில் கரைந்துவிடுவதில்லை. எண்ணெய்க்குள்ளேயே சூடாக நிற்கிறது. மேலே சொன்ன உழவில் எண்ணெய் வழியே போகும் 24 கிலோவாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 5 கிலோவாட் அளவுக்கு, சூடாகிறது. குளியலறையில் மாட்டும் 3 கிலோவாட் கீசர் இரண்டை டிரான்ஸ்மிஷனுக்குள் வைத்து நாள் முழுக்க எரியவிட்டால் என்ன ஆகுமோ அதற்கு ஏறத்தாழ ஒப்பு. எண்ணெய்க்குத் தனிக் கூலர் இருந்தாலும், வைக்கோல் தூசி அடைத்த கூலரும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் அது தாக்குப்பிடிக்காது.

வால்வு திறந்த நிலையில் பெடலைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கதை இன்னும் மோசம். நம் உதாரணத்தில் அரைப் பெடலில் வண்டி நகராமல் நின்றால், 19.5 கிலோவாட்டும் சூடாகவே மாறுகிறது. டேங்கில் இருக்கும் எண்ணெய் 20 லிட்டர் என்றால் கணக்குப்படி ஒரே நிமிடத்தில் 35 டிகிரி ஏறும். உண்மையில் பம்புக்கும் மோட்டாருக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கும் கொஞ்ச எண்ணெய்தான் முதலில் கொதிக்கும். ஆகவே உள்ளே இன்னும் சீக்கிரம் சூடாகும். டேங்கைத் தொட்டுப் பார்ப்பவருக்கு அது தெரியாது.

சூடான எண்ணெய் நீர்த்துப்போகும். நீர்த்தால் அந்தச் சில மைக்ரான் இடைவெளியில் கசிவு கூடும். கசிவு கூடினால் திறன் குறையும், இன்னும் சூடு கூடும். காலையில் நன்றாக இழுத்த வண்டி மதியத்துக்கு மேல் மந்தமாகிவிட்டது என்று ஓட்டுநர் சொன்னால், அவர் சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு சொல்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிய எண்ணெய் சீக்கிரம் கெடும். சீல்கள் இறுகி வெடிக்கும். வெண்கலக் காலணிகள் தேயும். தேய்ந்த துகள்கள் அதே எண்ணெயில் கலந்து மற்ற பிஸ்டன்களையும் கீறும். கியர் பெட்டியில் ஒரு பல் உடைந்தால் அந்தக் கியரை மட்டும் மாற்றிவிடலாம். ஹைட்ரோவில் கெட்டது ஒன்று என்றாலும், துகள் போன இடமெல்லாம் பிரித்துக் கழுவ வேண்டும். பெரும்பாலும் பம்பும் மோட்டாரும் சேர்ந்த முழுப் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள்.

ஆகவே ஹைட்ரோ வாங்கியவர் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஃபில்டரும் எண்ணெயும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய், சொன்ன மணி நேரத்தில். புது வண்டிக்கு முதல் 50 மணி நேரத்திலேயே ஃபில்டர் மாற்றச் சொல்வது பல கையேடுகளில் உண்டு. புதுப் பாகங்கள் உராய்ந்து உதிர்க்கும் துகள் அப்போதுதான் அதிகம்.

டயர் மேல் போட வேண்டிய பழி

ஹைட்ரோ மேல் சுமத்தப்படும் புகார்களில் ஒரு பகுதி உண்மையில் எடையைப் பற்றியது. எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும், உழுத மண்ணில் நான்கு சக்கரமும் இழுக்கிற டிராக்டர், தன் எடையில் பாதியளவு இழுவிசையைத் தாண்டுவது கடினம்; அதற்கு மேல் சக்கரம் சுழன்று குழி பறிக்கும். நாம் எடுத்த கலப்பை கேட்பது 900 கிலோவுக்கு மேல். அப்படியானால் வண்டி இரண்டு டன் அளவுக்காவது இருக்க வேண்டும். 37 குதிரைத்திறன் சிறு டிராக்டர்கள் பல ஒன்றரை டன்னை ஒட்டித்தான் இருக்கின்றன. புல்வெளியில் தடம் பதியாமல் ஓட வேண்டும் என்று செய்தவை அவை. லோ நிலையில் போட்டு இழுத்தால் ரிலீஃப் வால்வு திறப்பதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். டயர் வழுக்கும் வண்டியில் கியர் பெட்டி இருந்தாலும் ஒன்றுதான், எண்ணெய் இருந்தாலும் ஒன்றுதான். டயருக்குள் தண்ணீர் நிரப்புவது, பின்னால் இரும்புப் பாரம் மாட்டுவது என்று எடை கூட்டலாம். ஆனால் டயர் வழுக்காமல் பிடித்துக்கொண்டால் அடுத்துத் திறப்பது ரிலீஃப் வால்வு; அதற்கடுத்து ஏறுவது சூடு. ஆகவே எடை கூட்டும்போது யோசித்துக் கூட்ட வேண்டும்.

இன்னொரு விதிவிலக்கு பி.டி.ஓ. தண்டு. ரொட்டவேட்டர், புல்வெட்டி, மருந்து தெளிப்பான் போன்றவற்றைச் சுற்றும் அந்தத் தண்டுக்கு எஞ்சின் சக்தி நேரடியாக, இரும்பு வழியாகவே போகிறது. எண்ணெய் வரி அங்கே இல்லை. சார்ஜ் பம்பும் சும்மா சுற்றும் பெரிய பம்பும் எடுத்துக்கொள்ளும் ஒன்றிரண்டு குதிரைத்திறன்தான் கழிவு. ரொட்டவேட்டரின் கத்திகள் முன்நோக்கிச் சுழன்று மண்ணை வெட்டுவதால் அவை டிராக்டரைக் கொஞ்சம் முன்னே தள்ளவும் செய்கின்றன. சக்கரத்துக்கு இழுக்கும் வேலையே குறைவு. எனவே, ஏற்கெனவே உழுத நிலத்தில் ரொட்டவேட்டர் ஓட்டுவது ஹைட்ரோவால் தாராளமாக முடிகிற வேலை. மண் கட்டியாக இருந்தால் மெதுவாக, பொலபொலப்பாக இருந்தால் வேகமாக என்று பெடலிலேயே பார்த்துக்கொள்ளலாம். உளிக் கலப்பை, சட்டிக் கலப்பை, ஒன்பது கொத்துக் கல்டிவேட்டர் ஆகியவை முழுக்க இழுவை. அந்த வேலைகளில் ஹைட்ரோவை இறக்காதீர்கள். கேஜ் வீலோடு ஆழச் சேற்றில் இறங்குவதும் அந்த வரிசையில்தான் சேரும்: கருவி என்ன மாட்டினாலும் சரி, சேற்றைக் கிழித்து நகர்வதற்கே சக்கரம் பெரும் சக்தி கேட்கும். பாரம் ஏற்றிய டிப்பரை மேட்டில் இழுப்பதும் அப்படியே. தவிர்க்க முடியாதபோது லோ நிலையில் போட்டு, வேகத்தை மறந்துவிட வேண்டும்.

கால் வலியையும் சொல்லியாக வேண்டும். சிறிய ஹைட்ரோக்கள் பலவற்றில் பெடல் நேரடியாகச் சாய்தட்டோடு இணைந்திருக்கிறது. சுமை கூடும்போது அழுத்தம் தட்டை நேராக்கப் பார்க்கும். அந்த உதைப்பு உள்ளங்காலுக்கு வரும். ஒரு மணி நேரம் நீளச் சால் ஓட்டினால் பாதம் மரத்துவிடும். குரூஸ் கன்ட்ரோல் என்று பெடலை ஒரே நிலையில் பிடித்துவைக்கும் வசதி பல வண்டிகளில் இருப்பது இதனால்தான்.

ஏற்கெனவே ஒருமுறை முயன்றார்கள்

பெரிய வண்டிகளில் இதை யாரும் முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961-இல் எரிவாயுச் சுழலி (கேஸ் டர்பைன்) எஞ்சினோடு எச்டி-340 என்ற பரிசோதனை டிராக்டரைச் செய்தது. அதில் இருந்தது ஹைட்ரோஸ்டேட்டிக் இயக்கம்தான். காது கிழியும் சத்தம் போட்ட அந்தச் சுழலி வயலுக்கு வரவே இல்லை. வண்டி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எண்ணெய் இயக்கம் மட்டும் தப்பித்து, 1967-இல் ஃபார்மால் 656 ஹைட்ரோவாக விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில் நூறு குதிரைத்திறனைத் தாண்டிய ஹைட்ரோக்களையும் அந்நிறுவனம் விற்றது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிராக்டர்களைச் சோதித்துப் பார்க்க 1919-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தச் சோதனையில் பி.டி.ஓ. சக்தியையும் கொக்கியில் கிடைக்கும் இழுவைச் சக்தியையும் தனித்தனியாக அளப்பார்கள். ஹைட்ரோ வண்டியின் பலமும் பலவீனமும் பிடிபடுவது இந்த இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில்தான். அமெரிக்க விவசாயிகளும் அனுபவத்தில் அதையே கண்டார்கள். வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கு, தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்கு, லோடருக்கு ஹைட்ரோவை வைத்துக்கொண்டார்கள். உழவுக்குப் பக்கத்துக் கொட்டகையிலிருந்து கியர் வண்டியை எடுத்தார்கள். 1980-களின் நடுவில் அந்நிறுவனத்தின் வேளாண் பிரிவு கைமாறி கேஸ் நிறுவனத்தோடு இணைந்தபோது ஹைட்ரோ வரிசையும் முடிவுக்கு வந்தது. இன்றும் வைக்கோல் வேலைக்காகப் பழைய ஹைட்ரோவை விடாமல் வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு.

பெரிய டிராக்டருக்கு விடை வேறு திசையிலிருந்து வந்தது. ஜெர்மனியின் ஃபென்ட் நிறுவனம் 1995-இல் ஹனோவர் நகரில் நடந்த அக்ரிடெக்னிகா கண்காட்சியில் ஃபேவரிட் 926 வேரியோ என்ற 260 குதிரைத்திறன் டிராக்டரைக் காட்டியது. அதன் பின்னணியில் இருந்தவர் ஹான்ஸ் மார்ஷல் என்ற பொறியாளர். அவர் எண்ணெயை ஒழிக்கவில்லை. எண்ணெயின் பங்கைக் குறைத்தார். எஞ்சின் சக்தியை ஒரு கோள் கியர் தொகுதி இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பங்கு இரும்பு வழியாகவும் ஒரு பங்கு எண்ணெய் வழியாகவும் போய், பிறகு இரண்டும் சேர்கின்றன. ஊர்ந்து நகரும்போது எண்ணெயின் பங்கு அதிகம். வேகம் கூடக் கூட இரும்பின் பங்கு ஏறி, உச்ச வேகத்தில் ஏறக்குறைய முழுதும் இரும்பு வழியாகவே போகிறது. கியர் மாற்றாமல் வேகத்தை நூல் பிடித்தாற்போல் கூட்டலாம், குறைக்கலாம். முழு இழப்பைச் சுமக்க வேண்டாம். இன்று ஐரோப்பாவின் பெரிய டிராக்டர்களில் பரவலாக இருக்கும் சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாமல் வேகம் மாறும் டிரான்ஸ்மிஷன், வகைகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. அவை உழும். விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும். நாற்பது குதிரைத்திறன் வண்டியில் வைத்தால் கட்டுபடியாகாது.

ஆக, தென்னந்தோப்பு, மாட்டுப்பண்ணை, நாற்றுப்பண்ணை என்று வைத்துக்கொண்டு நாளெல்லாம் முன்னும் பின்னும் போகிற வேலை உள்ளவருக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஹைட்ரோ ஒன்று கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பேன். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. கடையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி ஓட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், தேய்ந்த பம்பையும் அது மறைத்துவிடும். அரை மணி நேரமாவது சுமையோடு ஓட்டிச் சூடேற்றிய பிறகு, ஒரு சரிவின் அடியில் நிறுத்தி, லோ நிலையில் மெதுவாக மேலே ஏற்றச் சொல்லுங்கள். பாதி மேட்டில் காலை எடுத்ததும் நின்று, மறுபடி அழுத்தியதும் தயங்காமல் ஏறினால் பேச்சைத் தொடரலாம். குளிரில் ஏறிய மேட்டில் சூட்டில் திணறினால், விலையைக் கேட்காமலே திரும்பிவிடுங்கள்.